ஓடாத போனுக்குப் பிளாஸ்டிக் கூடை: பழைய கைபேசியோடு எவையெல்லாம் கைமாறுகின்றன?

பாலக்கோடு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில், ஆண்கள் வேலைக்குப் போய்விட்ட முற்பகல் வேளையில், மொபெட்டின் கைப்பிடியில் கட்டிய ஒலிபெருக்கி “பழைய செல்போன், உடைந்த செல்போன், ஓடாத செல்போன் எதுவானாலும் எடுத்துக்கொள்வோம்” என்று சொல்லியபடி தெருவைக் கடக்கும். வண்டியின் பின்னால் பிளாஸ்டிக் குடமும் கூடையும் டப்பாக்களும் தொங்கும். அலமாரியில் இரண்டு ஆண்டுகளாகத் தூங்கும் போன் ஒரு கூடையாக மாறுவதில் வீட்டுக்காரருக்கு நட்டம் எதுவும் தெரிவதில்லை. மொபெட்டில் வருபவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் அல்லர். பழைய இரும்புக்கும் தலைமுடிக்கும் பாத்திரம் கொடுத்த அதே தொழிலின் தொடர்ச்சியாக இதைச் செய்பவர்களும் உண்டு. ஆனால் 2024 ஆகஸ்டில் தெலங்கானாவின் ராமகுண்டம் காவல் துறையினர், இதே முறையில் ஊர் ஊராகப் பழைய போன்களைச் சேகரித்த பீகாரைச் சேர்ந்த மூவரைக் கைது செய்து, சுமார் 4,000 போன்களைக் கைப்பற்றினர். அவை இணைய மோசடிக் கும்பல்களின் கைக்குப் போகவிருந்தன என்று காவல் துறை தெரிவித்தது.

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் மூன்று விதமான அறிவுரைகள் கூடவே பரவுகின்றன. ரீசெட் செய்தால் (போனில் உள்ளதை எல்லாம் அழித்து, வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுவந்தால்) போதும் என்பது ஒன்று. எத்தனை முறை ரீசெட் செய்தாலும் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம் என்பது இரண்டாவது. சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுவதே நல்லது என்பது மூன்றாவது. முதல் இரண்டும் சில போன்களுக்குச் சரியாகவும் வேறு சில போன்களுக்குத் தவறாகவும் இருக்கின்றன. மூன்றாவது ஏறக்குறைய எப்போதுமே தவறு. போனுக்குள் தரவு எப்படி எழுதப்படுகிறது, எப்படி அழிகிறது என்பதைப் பார்த்தால்தான் இந்தக் குழப்பம் தீரும்.

பட்டாவில் பெயரை அடிப்பதும் பயிரை அழிப்பதும்

ஒரு படத்தையோ குறுஞ்செய்தியையோ நாம் ‘டெலிட்’ செய்யும்போது, அது எழுதப்பட்டிருக்கும் இடத்தை போன் உடனே துடைப்பதில்லை. எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டும் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டு, ‘இந்த இடம் காலி, வேறு எதையாவது எழுதிக்கொள்ளலாம்’ என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவே. பட்டாவில் பெயரை அடித்துவிட்டதால் நிலத்தில் நிற்கும் பயிர் மறைந்துவிடாது. அடுத்தவர் வந்து உழுத பிறகுதான் மறையும். அதுவரை வரப்பில் நின்று பார்ப்பவருக்குப் பயிர் தெரியும். அழித்த படங்களை மீட்கும் மென்பொருள்கள் செய்வதும் இந்த வரப்பில் நின்று பார்க்கும் வேலைதான். (படத் தொகுப்புச் செயலிகளில் குப்பைத் தொட்டி என்று வேறு ஒன்று இருக்கிறது. ஐபோனில் 30 நாள்களும், கூகுள் போட்டோஸில் மேகத்தில் (இணையச் சேமிப்பகத்தில்) சேமிக்கப்பட்ட படங்களுக்கு 60 நாள்களும் அழித்த படம் அதிலேயே முழுதாகக் கிடக்கும். அதை மீட்க மென்பொருள்கூடத் தேவையில்லை.)

கைபேசியின் ஃபிளாஷ் நினைவகம் இதில் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. அதில் தரவைச் சிறு சிறு பக்கங்களாக எழுதலாம். ஆனால் அழிக்கும்போது பல பக்கங்கள் கொண்ட ஒரு தொகுதியை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். ஒவ்வொரு தொகுதியும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அழிப்புகளுக்குத்தான் தாங்கும் என்பதால், ஒரே இடம் தேய்ந்துபோகாமல் இருக்க, உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு புதிய தரவை வேறு வேறு இடங்களுக்கு மாற்றி மாற்றி அனுப்பும். ஆகவே ஒரு கோப்பின் ‘மேல்’ இன்னொன்றை எழுதுவதாக நாம் நினைத்தாலும், அது உண்மையில் வேறொரு மூலையில் போய் உட்கார்ந்திருக்கும். காலி என்று குறித்த தொகுதிகளை போன் பின்னணியில் சுத்தம் செய்கிறது என்றாலும், அது எப்போது முடியும் என்பது நம் கையில் இல்லை.

பழைய ஆண்ட்ராய்டு போன்களில் ரீசெட் என்பதும் இந்தப் பட்டியல் அழிப்பாகவே பெரும்பாலும் இருந்தது. 2015-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லோரன் சைமனும் ராஸ் ஆண்டர்சனும், ஆண்ட்ராய்டு 2.3 முதல் 4.3 வரையிலான பதிப்புகளில் இயங்கிய 21 பழைய போன்களை வாங்கிச் சோதித்து, முறைப்படி ரீசெட் செய்த பிறகும் அவற்றிலிருந்து தரவை மீட்க முடிந்ததைக் காட்டினார்கள். எத்தனை ரீசெட் செய்தாலும் பயனில்லை என்ற பேச்சுக்கு அடிப்படை இந்தத் தலைமுறைப் போன்கள்தாம். இன்று விற்பனைக்கு வரும் போன்களைப் பற்றி அது கிட்டத்தட்ட எதையும் சொல்வதில்லை.

சாவியை அழித்தால் பூட்டிய அறையும் அழிந்ததற்குச் சமம்

இடையில் மாறியது குறியாக்கம். எழுதப்படும் ஒவ்வொரு தரவும் ஒரு நீண்ட எண்ணைச் சாவியாகக் கொண்டு உருமாற்றப்பட்டே நினைவகத்தில் இறங்குகிறது. சாவி இல்லாமல் படித்தால் வெறும் எழுத்துக் குப்பைதான் வரும். ஐபோனில் வன்பொருள் வழியிலான குறியாக்கம் 2009-இல் வந்த 3ஜிஎஸ் மாடலிலிருந்தே உண்டு. ஆண்ட்ராய்டில் 2015-இல் வந்த 6-ஆம் பதிப்பு, போதுமான வேகம் கொண்ட புதிய போன்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது; 2016-இல் வந்த 7-ஆம் பதிப்பு ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே குறியாக்கம் செய்யும் முறையைக் கொண்டுவந்தது; 2019-இல் ஆண்ட்ராய்டு 10-ஓடு வெளிவந்த போன்களிலிருந்து விலை குறைந்த மாடல்களுக்கும் விலக்கு இல்லாமல் போனது.

இதனால் ரீசெட் என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது. 128 ஜிபி தரவையும் துடைக்க வேண்டிய தேவை இல்லை. சில நூறு பிட் நீளமுள்ள சாவியை அழித்தால் போதும். மீதி அனைத்தும் படிக்க முடியாததாகிவிடும். தரவு அழிப்புக்கு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் அமெரிக்கத் தரநிலை நிறுவனத்தின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டி நூலும், சாவியை அழிப்பதை ஏற்கத்தக்க அழிப்பு முறையாகவே வகைப்படுத்துகிறது. ஆகவே கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் வாங்கிய, ஒழுங்காக இயங்குகிற ஒரு போனை முறைப்படி ரீசெட் செய்து விற்பவர், மென்பொருள் வைத்து யாராவது மீட்டுவிடுவார்களோ என்று அஞ்ச வேண்டிய தேவை இல்லை.

ஆனால் ரீசெட் செய்யாமல் கைமாறும் போனில் சாவி இன்னும் உள்ளேயே இருக்கிறது. அதைத் திறந்துகொடுப்பது நாம் வைத்த பின் எண்ணோ பேட்டர்னோதான். திரைப் பூட்டே வைக்காத போனில் சாவி தானாகவே திறந்துகொள்ளும். குறியாக்கம் இருந்தும் இல்லாத கணக்குத்தான். வீட்டுப் பெரியவர்களின் போன்களில் ‘அவங்களுக்குத் தெரியாது’ என்று சொல்லி நாமே பூட்டை எடுத்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கூடைக்குப் போகும் போன்களில் இத்தகையவையும் கணிசமாக இருக்கும்.

சாவி எட்டாத இடங்கள்

ரீசெட்டின் ஆற்றல் போனின் உள் நினைவகத்தோடு முடிகிறது. அதற்கு வெளியே இருப்பவையும், குறியாக்கமே இல்லாதவையும் இவை.

1. மெமரி கார்டு. இதுதான் மிகுதியாக மறக்கப்படுவது. பெரும்பாலான போன்களில் கார்டிலுள்ள தரவு குறியாக்கம் இல்லாமல் அப்படியே இருக்கிறது. அதை எடுத்து எந்தக் கணினியில் செருகினாலும் திறக்கும். போனை ரீசெட் செய்தாலும், கார்டையும் அழிக்கும்படி தனியே சொல்லாதவரை கார்டு தீண்டப்படாது. ஃபார்மட் செய்த கார்டிலிருந்துகூட இலவச மென்பொருளால் திருமணப் படங்களையும், ஆதார் நகலின் படத்தையும், நகைக்கடன் ரசீதையும் மீட்டெடுக்கலாம். கார்டைப் போனோடு கொடுக்கவே கூடாது. சில நூறு ரூபாய்க்காகக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ஃபார்மட் செய்து, பயனற்ற வீடியோவால் முழுவதும் நிரப்பி, மீண்டும் ஃபார்மட் செய்த பிறகு கொடுக்கலாம்.

2. சிம். பழைய சிம்களில் தொடர்பு எண்களும் சில குறுஞ்செய்திகளும் தங்கியிருக்கும். அவற்றைவிடப் பெரிய இடர், அந்த சிம்மின் எண்ணே வங்கிக் கணக்கின் சாவி என்பது. பயன்படுத்தாமல் விட்ட எண், துண்டிக்கப்பட்டு 90 நாள்கள் கழிந்த பிறகு வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். பழைய போனோடு பழைய எண்ணையும் கைவிடுபவர், முதலில் வங்கி, ஆதார், எரிவாயு இணைப்பு ஆகியவற்றில் எண்ணை மாற்றியாக வேண்டும். இல்லையென்றால் அவருடைய ஓடிபி யாரோ ஒருவரின் போனில் ஒலிக்கும்.

3. பட்டன் போன்கள். இவற்றில் குறியாக்கம் இல்லை. நூறு நாள் வேலைக் கூலி, முதியோர் உதவித்தொகை வரவு எனக் கணக்கின் இறுதி எண்களோடு வரும் வங்கிச் செய்திகள் ஆண்டுக்கணக்கில் அதில் குவிந்திருக்கும். மோசடிக்காரர் ஒருவர் ‘பேங்க்ல இருந்து பேசறேன், போன வாரம் உங்களுக்கு இவ்வளவு ரூபா வந்துச்சு இல்லயா’ என்று தொடங்குவதற்கு அந்த ஒரு செய்தி போதும். செய்திப் பெட்டியைக் கையால் அழித்துவிட்டு, அமைப்புகளில் உள்ள ஃபேக்டரி ரீசெட்டையும் செய்ய வேண்டும்.

4. மேகத்தில் இருக்கும் கணக்கு. ரீசெட் செய்தால் போனில் உள்ள நகல்தான் போகும். கூகுள் கணக்கில் உள்ள படங்களும் தொடர்புகளும் அப்படியே இருக்கும். அது நல்லதுதான். ஆனால் கணக்கில் நுழைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் பழைய போனின் பெயர் நீடிக்கிறதா என்று புதிய போனிலிருந்து பார்த்து, இருந்தால் வெளியேற்ற வேண்டும்.

விற்பதற்கு முன்: வரிசை மாறக்கூடாது

செய்ய வேண்டியவை எல்லாருக்கும் ஓரளவு தெரிந்தவையே. தவறு பெரும்பாலும் வரிசையில்தான் நேர்கிறது.

1. முதலில் நகல் எடுங்கள். தொடர்பு எண்கள் போனில் சேமிக்கப்பட்டுள்ளனவா, சிம்மிலா, கூகுள் கணக்கிலா என்று பார்த்து, கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இருபடிச் சரிபார்ப்புக்கான குறியீடு தரும் செயலி வைத்திருப்பவர்கள் அதைப் புதிய போனுக்கு மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும். மறந்தால் சொந்தக் கணக்கே பூட்டிக்கொள்ளும்.

2. வாட்ஸ்அப்பைப் புதிய போனில் தொடங்குங்கள். தொடங்கியதும் பழைய போனில் கணக்கு வெளியேறிவிடும் என்பது உண்மை. ஆனால் வந்த படங்களும் குரல் பதிவுகளும் பழைய போனின் மீடியா கோப்புறையில் சாதாரணக் கோப்புகளாகக் கிடக்கும். ‘வாட்ஸ்அப் போயிடுச்சு, இனி ஒண்ணும் இல்ல’ என்பது தவறான நிம்மதி.

3. யுபிஐ செயலிகளில் வங்கிக் கணக்கை நீக்கி, பதிவை விலக்கிக்கொள்ளுங்கள். யுபிஐ பின் எண் போனில் சேமிக்கப்படுவதில்லை என்றாலும், யாருக்கு எவ்வளவு அனுப்பினோம் என்ற வரலாறு செயலியைத் திறப்பவருக்குத் தெரியும். எம்ஆதார், டிஜிலாக்கர் போன்றவற்றிலிருந்தும் வெளியேறுங்கள்.

4. அமைப்புகளுக்குள் சென்று கூகுள் கணக்கை நீக்குங்கள். ஐபோனில் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, ‘ஃபைண்ட் மை’ வசதியை நிறுத்துங்கள். இதை ரீசெட்டுக்கு முன்பே செய்ய வேண்டும். திருட்டைத் தடுப்பதற்காக ஐபோனில் 2013 முதலும், ஆண்ட்ராய்டில் 2015-இல் வந்த 5.1 பதிப்பு முதலும், கணக்கை நீக்காமல் அழித்த போன் பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடக்கூடும். அப்போது வாங்கியவர் இரவு எட்டு மணிக்குப் போன் செய்து, ‘அண்ணா, உங்க ஜிமெயில் பாஸ்வேர்டு கேக்குது, சொல்லுங்க, போட்டுக்கறேன்’ என்பார். பலர் சொல்லியும் விடுகிறார்கள். முன்பின் அறியாத ஒருவரிடம் படங்கள், கடிதங்கள், சேமித்த கடவுச்சொற்கள் அனைத்தையும் ஒரே வாக்கியத்தில் ஒப்படைக்கும் செயல் இது. இந்த நிலை வந்தால், கடவுச்சொல்லைச் சொல்லாமல், நேரில் போய் நீங்களே தட்டச்சு செய்து நீக்கிக் கொடுங்கள்.

5. சிம்மையும் கார்டையும் கழற்றுங்கள். இ-சிம் (கழற்ற முடியாதபடி போனுக்குள்ளேயே பதிந்த சிம்) இருந்தால், ரீசெட்டின்போது அதையும் நீக்கும் தெரிவு வருகிறதா என்று பாருங்கள்.

6. அமைப்புகள் வழியாக ‘எல்லாத் தரவையும் அழி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு 5 அல்லது அதற்கு முந்தைய போன் என்றால், பாதுகாப்புப் பிரிவில் ‘என்கிரிப்ட் போன்’ என்ற தெரிவு இருக்கும். முதலில் அதைச் செய்துவிட்டு ரீசெட் செய்தால், பழைய போனுக்கும் சாவி அழிப்பின் பயன் கிடைக்கும். அந்தத் தெரிவே இல்லையென்றால், ரீசெட்டுக்குப் பிறகு கேமராவைச் சுவரைப் பார்க்க வைத்து நினைவகம் நிரம்பும்வரை வீடியோ ஓடவிட்டு, மறுபடியும் ரீசெட் செய்யலாம்.

7. மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வரவேற்புத் திரை வந்ததும் நிறுத்துங்கள். ‘வேலை செய்யுதான்னு பார்க்கலாம்’ என்று உங்கள் கணக்கிலேயே மறுபடி நுழைந்து காட்டாதீர்கள்.

முதுகில் ஒட்டிய துண்டுச் சீட்டு

ஓசூரிலோ தருமபுரி நான்கு ரோட்டுப் பக்கத்திலோ பழுது பார்க்கும் கடையொன்றின் மேசை இழுப்பறையைக் கவனித்தால், ஒவ்வொரு போனின் முதுகிலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் வாடிக்கையாளர் பெயர், அவருடைய எண், ‘டிஸ்ப்ளே’ அல்லது ‘சார்ஜ் ஏறல’ என்ற குறிப்பு. அதன் கீழே ஒன்பது புள்ளிகள் வைத்து, அவற்றை இணைத்துப் பேனாவால் வரைந்த பேட்டர்ன். பூட்டும் சாவியும் ஒரே இடத்தில், அதுவும் உரிமையாளரின் பெயரோடு இருக்கின்றன. கடைக்காரர் நேர்மையானவராகவே இருக்கலாம். அந்த இழுப்பறையைத் திறக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பது அவருக்கே தெரியாது.

திரை மாற்றுவதற்கும் பேட்டரி மாற்றுவதற்கும் பூட்டைத் திறந்து கொடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. மாற்றி முடித்த பிறகு உரிமையாளரே திறந்து சோதித்துக்கொள்ளலாம். சாம்சங் போன்களில் ‘மெயின்டெனன்ஸ் மோட்’, கூகுள் பிக்சலில் ‘ரிப்பேர் மோட்’ என்ற வசதிகள் உண்டு. அவற்றை இயக்கினால், பழுது பார்ப்பவருக்கு வெற்றுப் போன் ஒன்றே தெரியும். படங்களும் செய்திகளும் மறைந்திருக்கும். இந்த வசதி இல்லாத போனில், பேட்டர்னைத் தற்காலிகமாக வேறொன்றாக மாற்றிக் கொடுத்துவிட்டு, போன் திரும்பியதும் மீண்டும் மாற்றிக்கொள்வது குறைந்தபட்ச எச்சரிக்கை.

ஓடாத போன்தான் கவலைக்குரியது

எல்லோரும் ஓடும் போனை விற்கத்தான் அஞ்சுகிறார்கள். ஓடும் போனை நம்மால் அழிக்க முடியும். திரை கறுத்துப்போன, சார்ஜ் ஏறாத போனில் நம்மால் எதையும் செய்ய முடியாது. ஆனால் அதை வாங்குபவரால் முடியும். ஓடவில்லை என்று நாம் சொல்வது பெரும்பாலும் திரையையோ, பேட்டரியையோ, சார்ஜ் செருகும் இடத்தையோதான். தாய்ப்பலகையும் அதன் மேல் உள்ள நினைவகச் சில்லும் நலமாக இருக்கும். வேறொரு போனிலிருந்து கழற்றிய திரையைச் சில நிமிடங்கள் பொருத்தினால் போன் விழித்துக்கொள்ளும். பூட்டும் இல்லையென்றால் உள்ளே எல்லாம் விட்ட இடத்தில் இருக்கும். ஆகவே கூடைக்குப் போகும் ஓடாத போன், கடையில் ஆயிரங்களுக்கு விற்கும் நல்ல போனைவிட ஆபத்தானது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, அதே உத்தியை நாமே பயன்படுத்துவது: தெரிந்த கடையில் சிறு தொகை கொடுத்து, பழைய திரையையோ பேட்டரியையோ தற்காலிகமாகப் பொருத்தச் சொல்லி, கண்ணெதிரே ரீசெட் செய்துகொண்டு வருவது. இரண்டாவது, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் ‘என் போனைக் கண்டுபிடி’ வசதியிலிருந்து அழிப்புக் கட்டளையை அனுப்பி வைப்பது. போன் அணைந்திருந்தாலும் கட்டளை காத்திருக்கும்; யாராவது அதற்கு உயிர் கொடுத்து இணையத்தில் இணைத்தால் அப்போது அழிந்துவிடும். இணையத்தில் இணைக்காமலே திறந்து பார்ப்பவரிடம் இது செல்லாது. மெமரி கார்டும் இதில் அழியும் என்று நம்ப முடியாது. எனவே முதல் வழியே மேலானது.

ஐஎம்இஐ, ரசீது, சட்டம்

தரவு முழுதும் போன பிறகும் போனில் உங்களைச் சுட்டும் ஒன்று எஞ்சியிருக்கும். *#06# என்று அழுத்தினால் வரும், அந்தக் கருவிக்கே உரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்தான் அது. ரீசெட்டால் அது மாறாது. அந்தக் கருவியில் எந்தெந்த சிம் எப்போது இயங்கியது என்ற பதிவு தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் இருக்கும். நீங்கள் கொடுத்த போன் நாளை ஒரு மோசடியில் சிக்கினால், விசாரணையின் கயிறு உங்கள் எண்வரை நீளலாம். சென்னை, பெங்களூரு, சேலம் சாலைகள் சந்திக்கும் கிருஷ்ணகிரியிலும், பெங்களூருவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள ஓசூரிலும் விற்ற போன், அன்று மாலையே மாநில எல்லையைத் தாண்டிவிடக்கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே விற்ற தேதி, ஐஎம்இஐ எண், வாங்கியவரின் பெயர், முகவரி, கையொப்பம் ஆகியவை கொண்ட ரசீது ஒன்று அவசியம். வாங்குபவருக்கும் இதில் அக்கறை உண்டு. ‘கேஒய்எம்’ (KYM) என்று ஆங்கிலத்தில் எழுதி, ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினாலோ, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்தாலோ, போன் திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஐஎம்இஐ எண்ணைத் திருத்துவது, 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் தரக்கூடிய குற்றம்.

பிறருடைய கடவுச்சொல்லையோ மின்னணு அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்துபவருக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. இவை எல்லாம் கெடுதல் நடந்த பிறகு பயன்படும் சட்டங்கள். பணம் போனதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

2023-இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்ட எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் தம் வீட்டுத் தேவைக்காக வைத்திருக்கும் தரவைத் தொடுவதில்லை. ஆனால் போனில் இருப்பது நம்முடைய தரவு மட்டுமா என்பது கேள்வி. மகளிர் குழுத் தலைவி ஒருவரின் போனில் உறுப்பினர் அத்தனை பேரின் ஆதார், வங்கிப் புத்தக முதல் பக்கம், புகைப்படம் எல்லாம் வாட்ஸ்அப் வழியே வந்து சேர்ந்திருக்கும். பள்ளி ஆசிரியரின் போனில் வகுப்புப் பிள்ளைகளின் விவரம் இருக்கும். சட்டம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது வேறு விஷயம். அந்தப் போன் கூடைக்குப் போனால் பாதிக்கப்படுவது ஒரு வீடு மட்டும் அன்று.

மறுசுழற்சிக்குக் கொடுக்கும்போது

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள், தாங்கள் விற்ற பொருளுக்கு ஈடான கழிவைத் திரும்ப எடுத்து மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மீது சுமத்துகின்றன. மறுசுழற்சியாளர்களும் புதுப்பித்து விற்பவர்களும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால் இந்த விதிகளின் முதன்மை அக்கறை நச்சுப் பொருள்களும் உலோகங்களும்தான். மறுசுழற்சி என்றதும் போன் நேரே உலைக்குப் போகிறது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு முன் பிரித்தெடுக்கும் கட்டத்தில், விலை போகும் பாகங்கள் கழற்றப்படும். அப்படி விலை போகும் பாகங்களில் நினைவகச் சில்லும் ஒன்று. எனவே பதிவு பெற்ற இடத்திலேயே கொடுத்தாலும், மேலே சொன்ன வரிசையை முடித்துவிட்டே கொடுக்க வேண்டும்.

சுத்தியல் வேண்டாம் என்பதற்குக் காரணம் லித்தியம் பேட்டரி. அதன் உறை கிழிந்தால் உள்ளே குறுக்கிணைப்பு ஏற்பட்டுத் தீப்பற்றும். திரை நொறுங்கினாலும் அரை விரல் அகலமுள்ள நினைவகச் சில்லு சேதமின்றித் தப்பிவிடக்கூடும் என்பதால் பலனும் உறுதி இல்லை. முதுகு உப்பிய பழைய போனை, ரீசெட் செய்வதற்காகக்கூட, வீட்டில் சார்ஜ் போட வேண்டாம். அழுத்தாமல் ஒரு தகர டப்பாவில் வைத்துக் கடைக்கு எடுத்துச் சென்று, பேட்டரியை மாற்றச் சொல்லி, அங்கேயே அழித்துவிட்டு வாருங்கள்.